ஏற்காட்டு வீட்டில் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை: ரூட்டர் தடுக்கிறதா?

மலைத்தோட்டம் (நாகலூர், ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர் பக்கம் எங்கள் காபித் தோட்டத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் தோட்ட வேலையில் இருப்பதால் இணைய விஷயமெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஃபைபர் இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். வேகத்தில் குறை இல்லை. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வாங்கிய பிளான் அப்படியே வருகிறது. யூடியூப் தங்குதடை இல்லாமல் ஓடுகிறது, வாட்ஸ்அப் அழைப்பும் தெளிவாக இருக்கிறது.

ஆனால் மகளுக்கு வீட்டிலிருந்துதான் வேலை. ஆபீஸ் வலைக்குள் போகும் தனிப் பாதையான விபிஎன் கனெக்ட் ஆகிவிடுகிறது, பச்சை அடையாளமும் வருகிறது. அதன் பிறகு சர்வர் ஃபோல்டரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சின்ன ஃபைல் எப்போதாவது வரும், பெரியது வரவே வராது. வங்கித் தளம் ஒன்றில் மேலே தலைப்பு மட்டும் வந்து உள்ளே வெள்ளையாக நிற்கிறது. இன்னும் சில தளங்கள் சுற்றிச் சுற்றி, கடைசியில் நேரம் முடிந்தது என்கின்றன. அதே போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் போனால் எல்லாமே உடனே திறக்கிறது.

இன்னொன்று, களத்தில் காபி காயும் நேரம் இது. களத்துக்கு நான்கு கேமராவும் ஷெட்டில் அதைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆரும் வைத்திருக்கிறோம். சேலத்தில் இருக்கும் தம்பி பழைய இணைப்பில் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை டிவிஆருக்குத் திருப்பிவிட ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் பயனில்லை.

கம்பெனி ஆளைக் கேட்டால், "லைன் சுத்தமாக இருக்கிறது, உங்கள் ரூட்டர்தான் ஏதோ பிளாக் செய்கிறது, ரீசெட் போடுங்கள், இல்லாவிட்டால் புதிது வாங்குங்கள்" என்கிறார். ரூட்டர் உண்மையிலேயே தடுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்குரோடு (சேலம்)

முதலில் ஒன்று. பின்பக்கம் இருக்கும் ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்திவிடாதீர்கள். அது அணைத்துப் போடுவது போல இல்லை. உள்ளே இருக்கும் பிபிபிஓஇ (லைனில் உள்நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் இப்போது வருகிற யூடியூபும் வராது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆள் வந்து போட்டுக் கொடுக்கும் வரை வீட்டில் இணையமே இருக்காது. ரீசெட் போட்டே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் வான் (வெளி இணைப்பு) செட்டிங் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மெனுவில் பேக்கப் வசதி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

செவ்வாய்பேட்டை (சேலம்)

ரூட்டரில் வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வால் என்று ஒரு பக்கம் இருக்கும். எஸ்பிஐ ஃபயர்வால், டாஸ் பாதுகாப்பு, யுஆர்எல் ஃபில்டர், மேக் ஃபில்டர், எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். டிவிஆரை டிஎம்இசட்-இல் போடுங்கள், வெளியிலிருந்து வருவதெல்லாம் நேராக அதற்கே போகும். வந்துவிட்டால் ரூட்டர்தான் காரணம் என்று தெரிந்துவிடும். எதற்கு இழுத்தடிக்க வேண்டும்?

கம்பிவழி (ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

செவ்வாய்பேட்டை நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்து, ஏதாவது சரியானால் எது சரியாக்கியது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எதை மறுபடி போட வேண்டும் என்பதும் மறந்துவிடும். டிவிஆரை டிஎம்இசட்-இல் போடுவது அதைவிட ஆபத்து. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியதே இப்படித்தான். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களும் டிவிஆர்களும்தான் அதன் படை. அந்த வருடம் அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. சோதனைக்காக என்றாலும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

மலைத்தோட்டம் அக்கா, மூன்று தொல்லையையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம். விபிஎனும் வங்கித் தளமும் ஒரே காரணமாக இருக்கலாம். கேமரா வேறு காரணமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. எதையும் மாற்றாமல் முதலில் அளந்து பார்ப்போம்.

லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு நேராக இணையுங்கள், வைஃபை வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டில் 192.168.1.1-ஐப் பிங் செய்யுங்கள் (சின்னத் தரவுப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது), அது உங்கள் ரூட்டர். அடுத்து 1.1.1.1, அது வெளியே இருப்பது. அப்புறம் ஏதாவது ஒரு தளத்தைப் பெயரால் பிங் செய்யுங்கள். முதலாவதே வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் ரூட்டர் அல்லது லைன். எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ். ரூட்டர் தடுக்கிறது என்று கொண்டுவரும் புகார்களில் நிறைய இந்த மூன்றாவது வகைதான்.

அது முடிந்ததும் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) எந்த எண்ணில் தொடங்குகிறது, எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். முழு ஐபியை இங்கே போட வேண்டாம், முதல் இரண்டு எண் போதும். ஷெட்டில் இருக்கும் டிவிஆர் இதே ரூட்டரில்தான் இருக்கிறதா, வேறு ரூட்டர் வழியாகவா?

கடைசியாக, இதுதான் முக்கியம். பிங் கட்டளையோடு மைனஸ் எஃப், மைனஸ் எல் 1472 என்று சேர்த்து 1.1.1.1-க்கு அடியுங்கள். அப்புறம் 1464. அப்புறம் 1400. ஒவ்வொன்றுக்கும் திரையில் என்ன வந்தது என்று அப்படியே எழுதுங்கள். பதில் வந்ததா இல்லையா என்பது மட்டும் போதாது, என்ன வாசகம் என்பதும் வேண்டும்.

வெள்ளிப்பட்டறை (குகை, சேலம்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எங்களுக்கும் ரூட்டர் தடுக்கிற பிரச்சினைதான், ஆனால் வேறு மாதிரி. பட்டறையும் வீடும் ஒரே இணைப்பில். பையனின் டேபுக்கு இரவு 10 மணிக்கு மேல் இணையம் வேண்டாம் என்று பேரண்டல் கன்ட்ரோல் போட்டிருந்தோம். இப்போது பகலில் அவன் ஆன்லைன் வகுப்பு நேரத்தில் நின்றுவிடுகிறது, ராத்திரியில் தாராளமாக வருகிறது. மற்ற கருவிகளுக்கு ஒன்றும் இல்லை. கொலுசுக்கு பில் போடுகிற கணினி நன்றாகவே இருக்கிறது.

கம்பிவழி

உங்கள் வீட்டில் கரண்ட் அடிக்கடி போய் வருகிறதா? ரூட்டரின் சிஸ்டம் டைம் பக்கத்தைப் பாருங்கள்.

வெள்ளிப்பட்டறை

பார்த்தேன். 1970 ஜனவரி என்று காட்டுகிறது. போன வாரம் இங்கே கரண்ட் போனது உண்மைதான்.

கம்பிவழி

அதுதான். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் கரண்ட் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம், யுடிபி 123 போர்ட் வழியாக நேரம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்தச் சர்வர் முகவரி தவறாகவோ எட்டாமலோ இருந்தால் 1970-இலிருந்து எண்ணத் தொடங்கும். நீங்கள் போட்ட 10 மணி அதன் 10 மணிக்குத்தான் வரும். என்டிபி பெட்டியில் பொது நேரச் சர்வர்களின் கூட்டான பூல் முகவரியைப் போட்டு, நேர வலயத்தை +5:30 என்று வையுங்கள். ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் தடுப்பது ரூட்டரேதான். நீங்கள் சொன்னதைத்தான் அது செய்கிறது, நேரம்தான் தப்பு.

வெள்ளிப்பட்டறை

நேரம் சரியாகிவிட்டது, டேபும் வகுப்பில் இருக்கிறது. மிக்க நன்றி சார்.

மலைத்தோட்டம்

காலையில் மழை, கரண்டும் இல்லை, அதனால்தான் தாமதம். மகள் உட்கார்ந்து எல்லாம் செய்தாள். எழுதுகிறேன்.

192.168.1.1 வருகிறது. 1.1.1.1 வருகிறது. பெயரால் போட்டாலும் வருகிறது. வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. எம்டியு 1492. டிவிஆர் ஷெட்டில் இன்னொரு வைஃபை ரூட்டரில் இருக்கிறது. வீட்டு ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து அதன் வான் துளையில் செருகியிருக்கிறோம். அதன் முகவரி 192.168.0.1.

இனி பெரிய பிங். 1472 போட்டால் உடனே 192.168.1.1-இலிருந்து பதில் வருகிறது, பாக்கெட் நீட்ஸ் டு பி ஃபிராக்மென்டட் என்று. 1464 போட்டால் கொஞ்ச நேரம் நின்று ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். 1400-க்கு நல்ல பதில். மகள் விடாமல் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். 1412 வருகிறது, 1413 வரவில்லை. எப்போது போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

கம்பிவழி

மகளுக்கு என் வாழ்த்து. இதைவிடத் தெளிவான அளவு கேட்க முடியாது. ரூட்டர் தடுக்கவில்லை, அதற்குச் சாட்சி இந்த அளவிலேயே இருக்கிறது.

ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவுதான் எம்டியு. ஈதர்நெட்டில் 1500 பைட். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ என்பதால் அதில் 8 பைட் தலைப்புக்குப் போய்விடும், மீதி 1492. பிங்கில் நாம் கொடுக்கும் எண்ணோடு ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்பும் போகும் செய்தி முறை) தலைப்பு 8, ஆக 28 கூட்டிக்கொள்ள வேண்டும். 1472 என்றால் 1500. மைனஸ் எஃப் என்றால் வழியில் யாரும் இதைத் துண்டு போடக் கூடாது என்று அர்த்தம். 1500 வந்ததும் ரூட்டர், "என் வழி 1492தான், சின்னதாக அனுப்பு" என்று நேர்மையாகப் பதில் சொன்னது. நல்ல ரூட்டர் செய்ய வேண்டியது அதுதான்.

1464 என்றால் சரியாக 1492. ரூட்டர் அதை விட்டுவிட்டது. வெளியே போனது, காணாமல் போனது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1412-உடன் 28 கூட்டினால் 1440. அதாவது கம்பெனியின் பாதையில் எங்கோ ஓரிடத்தில் 1440-க்கு மேல் போகாது. அந்த இடத்தில் இருக்கும் கருவி, பெரியது வந்தால் ஐசிஎம்பி வழியாக அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் விதி அதுதான். இங்கே அது சொல்லவில்லை, அல்லது சொன்னதை யாரோ தடுக்கிறார்கள். கொண்டை ஊசியில் திரும்ப முடியாத நீள லாரியை அடிவாரத்தில் நிறுத்தி டிரைவரிடம் சொல்லாமல், மேலே ஏறவிட்டு நடுவழியில் காணாமல் போக்குவது போல. மேலே காத்திருப்பவருக்கும் தெரியாது, கீழே அனுப்பியவருக்கும் தெரியாது. இதற்குக் கருந்துளை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2923 இந்தத் தொல்லையைத்தான் விவரிக்கிறது.

விபிஎன் கனெக்ட் ஆனது ஏன்? ஆரம்பத்தில் போகும் பேச்செல்லாம் சின்னப் பாக்கெட்டுகள். ஃபோல்டரைத் திறந்ததும் முழு அளவுப் பாக்கெட்டுகள் வரத் தொடங்கும், அங்கே விழுந்துவிடும். வாட்ஸ்அப் குரல் பாக்கெட்டுகளும் சின்னவைதான்.

அம்மாபேட்டை தறி (சேலம்)

இதைத் தொடர்ந்து படித்துவருகிறேன், ஒரு சந்தேகம். யூடியூப் சின்னப் பாக்கெட்டா என்ன? அவ்வளவு பெரிய வீடியோ தடையில்லாமல் வருகிறதே. ஸ்பீடு டெஸ்டும் முழு வேகம் காட்டுகிறது என்கிறார். உங்கள் விளக்கம் அங்கே இடிக்கிறது.

கம்பிவழி

நல்ல கேள்வி, இதற்குப் பதில் இல்லாவிட்டால் என் விளக்கம் நிற்காது. குரோமில் யூடியூப் பெரும்பாலும் குயிக் என்ற நெறிமுறையில் வருகிறது. அது யுடிபி என்ற எளிய அனுப்பு முறை மேல் ஓடுவது, தொடக்கத்தில் 1200 பைட்டை ஒட்டிய பாக்கெட்டில்தான் கிளம்பும். வழி தாங்கும் என்று தானே சோதித்துப் பார்த்த பிறகுதான் அளவைக் கூட்டும். அதனால் 1440 தடை அதைத் தொடவே இல்லை. வீடியோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாக்கெட் சின்னது.

ஸ்பீடு டெஸ்ட், அருகில் இருக்கும் சர்வரைத் தானே தேர்ந்தெடுக்கும். அது அந்தக் கம்பெனியின் சொந்த வலைக்குள்ளேயே, குறுகிய இடத்துக்கு முன்பே இருக்கலாம். அக்கா, ஸ்பீடு டெஸ்டில் சர்வரை மாற்றி மும்பையில் வேறு கம்பெனியின் சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

மலைத்தோட்டம்

மாற்றிப் பார்த்தேன். பிங் எண் வருகிறது. டவுன்லோடு முள் சுழியத்திலேயே நிற்கிறது, கடைசியில் சோதனை தோல்வி என்று எழுதிவிட்டது. பழைய சர்வருக்கு மாற்றினால் முழு வேகம்.

அம்மாபேட்டை தறி

சரி, ஏற்றுக்கொள்கிறேன். நாங்களும் பட்டுச் சேலைப் படங்களை ஆர்டர்காரர்களுக்கு ஏற்றும்போது சில தளங்களில் இப்படி நின்றுவிடும். நாளை நானும் 1464 போட்டுப் பார்க்கிறேன்.

நான்குரோடு

இன்னொரு தகவலும் சேர்க்கிறேன். 2024 ஏப்ரலில் வந்த குரோம் 124 முதல், பாதுகாப்பான தளத்துக்கு அனுப்பும் முதல் செய்தியே பெருத்துவிட்டது. குவாண்டம் கணினிக்கும் உடையாத புதிய சாவி அதில் சேர்ந்திருக்கிறது, அதுவே 1184 பைட். முன்பு ஒரே பாக்கெட்டில் முடிந்த செய்தி இப்போது இரண்டு ஆகிறது, முதலாவது முழு அளவு. அதனால் இந்த மாதிரிக் கருந்துளை இருக்கும் இணைப்பில் தளம் முதல் அடியிலேயே நின்றுவிடும். "பழைய கணினியில் வருகிறது, புதிதில் வரவில்லை" என்று கடைக்கு வருகிறவர்களில் சிலருக்கு இதுதான்.

செவ்வாய்பேட்டை

அப்படியானால் எம்டியுவை 1400 என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் 1400 போட்டே சரி செய்திருக்கிறேன்.

கம்பிவழி

1400 போட்டாலும் ஓடும். ஆனால் எதற்கு அளக்காமல் போட வேண்டும்? இங்கே 1440 என்று கையில் அளவு இருக்கிறது. அதைப் போட்டால் ரூட்டர், பெரும்பாலான தளங்கள் ஓடும் டிசிபி இணைப்புகளுக்கு எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1400 என்று இரு பக்கமும் சொல்லிவிடும். 1440-இலிருந்து ஐபி 20, டிசிபி 20 கழித்தால் வருவது அது. எதிர்ச் சர்வரும் அதற்கு மேல் அனுப்பாது. அக்கா, வான் பக்கத்தில் எம்டியு 1492 என்று இருப்பதை மட்டும் 1440 ஆக்கி, சேமித்து, மறுபடி கனெக்ட் செய்யுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

இது தற்காலிக வைத்தியம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறு கம்பெனியின் பாதையில் இருக்கிறது. வாடிக்கையாளர் தன் ரூட்டரைச் சுருக்கிக்கொண்டு வாழ வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. அதனால் இந்த அளவுகளோடு புகார் பதிவு செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். "வேகம் வரவில்லை", "சைட் திறக்கவில்லை" என்று எழுதாதீர்கள், அதற்கு ரீசெட் போடுங்கள் என்ற பதில்தான் வரும். "துண்டாக்கத் தடை போட்ட 1440 பைட் பாக்கெட் போகிறது, 1441 போகவில்லை, ஐசிஎம்பி பதிலும் வரவில்லை, என் ரூட்டரின் எம்டியு 1492" என்று எழுதி, திரைப் படத்தையும் சேருங்கள். படிக்கிற எஞ்சினியருக்கு அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

மலைத்தோட்டம்

1440 போட்டாகிவிட்டது. வங்கித் தளம் உள்ளே வரை திறந்தது! மும்பை ஸ்பீடு டெஸ்டும் ஓடுகிறது. புகாரும் நீங்கள் சொன்ன வாசகத்தோடு பதிவு செய்துவிட்டேன். விபிஎன் முன்னைவிட மேல், ஆனால் பெரிய ஃபைல் இன்னும் பாதியில் நிற்கிறது.

கம்பிவழி

எதிர்பார்த்ததுதான். விபிஎன் தன் பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புகிறது, பெரும்பாலும் யுடிபியில். எம்எஸ்எஸ் சொல்வது டிசிபிக்கு மட்டும்தான், அந்த வெளி உறைக்கு அது பொருந்தாது. வயர்கார்டு வகை விபிஎன் என்றால் ஐபிவி4-இல் (இப்போதும் புழங்கும் பழைய முகவரி முறை) உறை 60 பைட். ஆபீஸ் விபிஎன் வகையைப் பொறுத்து இன்னும் கூடலாம். மகளை ஆபீஸ் ஐடி ஆட்களிடம் கேட்கச் சொல்லுங்கள், விபிஎன் அடாப்டரின் எம்டியுவை 1300 ஆக்க அனுமதி வேண்டும் என்று. ஆபீஸ் லேப்டாப் என்பதால் அவர்களைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

இனி கேமரா. இதில் இரண்டு தனித்தனித் தடை இருக்கிறது. இரண்டுமே ஃபயர்வால் இல்லை.

ஒன்று, ஷெட்டில் இருக்கும் ரூட்டர். வான் துளையில் செருகியதால் அது தனி வலை அமைத்து, நாட் என்ற முகவரி மாற்றத்தை இரண்டாவது முறை செய்கிறது. வீட்டு ரூட்டரில் போட்ட போர்ட் ஃபார்வர்டிங் டிவிஆரைச் சேரவே இல்லை. அதைச் சும்மா வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிவிடுங்கள். முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் செருகினால் போதும்.

இரண்டாவதுதான் பெரியது. 100.72 என்று தொடங்கும் முகவரி உங்களுடையது இல்லை. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை 2012-இல் ஆர்எஃப்சி 6598 வழியாக இணையக் கம்பெனிகளின் உள் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்கள். இதை சிஜிநாட் என்பார்கள். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, ஐபிவி4 எண்கள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு. வெளியிலிருந்து தம்பி தட்டினால் அந்தத் தட்டல் கம்பெனியின் பெட்டியோடு நின்றுவிடும், உங்கள் ரூட்டரை எட்டவே எட்டாது. பழைய கம்பெனி உங்களுக்குத் தனி முகவரி கொடுத்திருக்க வேண்டும், அதனால் முன்பு வேலை செய்தது. இப்போது நீங்கள் ரூட்டரில் என்ன போட்டாலும் பயன் இல்லை, புது ரூட்டர் வாங்கினாலும் இல்லை.

செவ்வாய்பேட்டை

அப்படியானால் கம்பெனியிடம் ஸ்டேடிக் ஐபி கேட்க வேண்டியதுதான். மாதக் கட்டணம் தனியாக வரும்.

கம்பிவழி

அது ஒரு வழி. ஆனால் போர்ட்டைத் திறந்து வைத்தால் மிராய் போன்ற தொல்லைக்குக் கதவு திறந்ததாகிவிடும். நான் சொல்வது வேறு. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை சிஜிநாட் தடுப்பதில்லை. அதனால் டிவிஆர் கம்பெனியின் கிளவுட் சேவையை இயக்கி, தம்பியின் போனில் அதன் ஆப்பைப் போட்டால் பார்க்கலாம். அவர்கள் சர்வரை நம்ப மனமில்லையா? வீட்டில் எப்போதும் ஓடும் பழைய கணினி ஒன்றில் டெயில்ஸ்கேல் போன்ற சொந்த விபிஎன் மென்பொருள் ஒன்றை நிறுவி, தம்பி போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வயர்கார்டு வழியாகப் பேசிக்கொள்ளும், ரூட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எந்த வழியானாலும் டிவிஆர் கடவுச்சொல்லை மாற்றுங்கள். போட்டு வைத்த போர்ட் ஃபார்வர்டிங் விதியை அழித்துவிடுங்கள், கருவிகள் தாமே போர்ட்டைத் திறக்கவிடும் யுபிஎன்பி திறந்திருந்தால் அதையும் அணையுங்கள்.

தலைச்சோலை (ஏற்காடு)

நானும் மலைமேல்தான். அக்கா, வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே வெளியில் ஓடுவது செம்புக் கேபிளா? இங்கே இடி இறங்கும் மாதங்களில் அந்த ஒரு கேபிள் வழியாக ரூட்டர், டிவிஆர் இரண்டும் ஒரே நேரத்தில் கருகியதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். 100 மீட்டருக்கு மேல் போனால் லேன் கேபிளுக்குத் தாக்குப்பிடிப்பும் கிடையாது. மின் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு வாங்கி நடுவில் ஃபைபர் ஓட்டிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. இரும்புக் கம்பி வைத்துப் பின்னிய வகை வேண்டாம், முழுக்கப் பிளாஸ்டிக் உறை போட்டதைக் கேட்டு வாங்குங்கள். சில்வர் ஓக் கிளை விழாத பக்கமாக இழுங்கள், வளைவில் மடக்காதீர்கள்.

மலைத்தோட்டம்

செம்புதான், மரத்துக்கு மரம் கட்டி இழுத்தது. அறுவடை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அதுவரை இடி முழங்கினால் இரு பக்கமும் கழற்றி வைக்கிறோம்.

மலைத்தோட்டம்

கம்பெனியிலிருந்து இன்று அழைத்தார்கள். இந்த முறை பேசியவர் எஞ்சினியர், ரீசெட் என்ற பேச்சே எடுக்கவில்லை. சேலத்திலிருந்து வெளியே போகும் ஒரு லிங்கில் டனல் (பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும் பாதை) போட்டிருக்கிறார்களாம், அதன் அளவைச் சரி செய்யவில்லை என்றார். மதியத்துக்கு மேல் அவரே லைனில் இருந்துகொண்டு 1464 போடச் சொன்னார். பதில் வந்தது. ரூட்டரை மறுபடி 1492-க்கு மாற்றிவிட்டேன், வங்கித் தளம் அப்படியே திறக்கிறது. பக்கத்துத் தோட்டத்து வீட்டிலும் இதே கம்பெனிதான். அவர்களுக்கும் பிள்ளையின் கல்லூரித் தளம் இன்று முதல் திறக்கிறது என்றார்கள். புது ரூட்டர் வாங்கக் கடையில் விலை கேட்டு வைத்திருந்தார்கள், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகளின் ஆபீஸில் 1300-க்கு அனுமதி கொடுத்து அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள், ஃபோல்டர் திறக்கிறது. ஷெட் ரூட்டரை லேன் துளைக்கு மாற்றியாகிவிட்டது. தம்பி டெயில்ஸ்கேல் வழியாக நேற்று இரவு களத்தைப் பார்த்தான், தார்ப்பாய் ஒரு மூலையில் பறப்பதை அவன்தான் அழைத்துச் சொன்னான்.

அம்மாபேட்டை தறி

எங்கள் வீட்டில் 1464 நன்றாகப் போகிறது. ஆகவே எங்கள் தொல்லை வேறு. ஆனால் ஐபிவி6 என்ற புது முகவரி முறையில் போனால் மட்டும்தான் படம் ஏற்றுவது நிற்கிறது, ஐபிவி6-ஐ அணைத்தால் ஓடுகிறது. இதற்கும் அதே அளவுக் கணக்குதானா?

கம்பிவழி

அதே குடும்பம்தான், கணக்கு கொஞ்சம் மாறும். ஐபிவி6 தலைப்பு 40 பைட், அதனால் 28-க்குப் பதில் 48 கூட்ட வேண்டும். 1492-க்குப் பிங் எண் 1444. ஐபிவி6-இல் வழியில் இருக்கும் ரூட்டர் எந்தப் பாக்கெட்டையும் துண்டு போடாது, பெரியது வந்தால் ஐசிஎம்பிவி6-இல் சொல்வது ஒன்றுதான் வழி. உங்கள் ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 முழுவதையும் தடுத்து வைத்திருந்தால் அந்தச் செய்தி உங்கள் கணினிக்கு வராது. உங்கள் விஷயத்தில் ரூட்டரே தடுக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள், மற்ற ஐபிவி6 பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும். 1444, 1232 இரண்டுக்கும் என்ன பதில் வருகிறது என்று எழுதுங்கள். 1232 என்றால் மொத்தம் 1280, ஐபிவி6-இல் எந்தப் பாதையும் அதைத் தாங்கியே ஆக வேண்டும்.

அம்மாபேட்டை தறி

ஐசிஎம்பிவி6 பிளாக் என்று ஒரு டிக் இருந்தது. எடுத்துவிட்டேன். 1232 முன்பும் வந்தது, இப்போதும் வருகிறது. 1444-க்கு இப்போது பதில் வருகிறது. ஆறு சேலைப் படமும் ஏறிவிட்டது.